வார்னிஷ் காயும் வரை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அதை மட்டும் சொல்லவில்லை. பொண்ணு பொறுமைசாலி, கைவேலை நன்றாக வரும் என்று சொன்னாள். முதலில் சொன்னது சுத்தப் பொய். இரண்டாவது உண்மை, நான் பட்ட பாடெல்லாம் அதனால்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் சுங்கை வே என்கிற இடத்தில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். தலைமுடியைவிட மெல்லிசான செம்புக் கம்பியைச் சின்ன உருளையில் சுற்றும் வேலை. ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்த சுற்று ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி தெரியக்கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது. ஏறினால் மேற்பார்வைக்காரி கத்தரித்துக் குப்பையில் போட்டுவிடுவாள். காலையில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். அம்மா கட்டிக்கொடுத்த தோசையைப் பஸ்ஸிலேயே தின்றுவிட்டு, கூட வரும் பெண்களோடு வாயாடிக்கொண்டு போவேன். கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளை வீட்டார் வேலையை விடச் சொன்னார்கள். அவர்கள் ஊரான கிள்ளானிலிருந்து சுங்கை வேக்கு பஸ் கிடையாது என்றார்கள். பஸ் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் என் கண்ணில் பட்டது.

கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடு. முன்னால் கார் நிற்கும் இடம், அதற்கு ஒரு கேட், உள்ளே இரும்புக் கிரில், அதற்கும் உள்ளே கதவு. அந்தப் பக்கம் திருட்டு அதிகம் என்று எல்லாவற்றுக்கும் பூட்டு. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் கிளார்க். ஷிஃப்ட் வேலை. அவர் காரை எடுத்துக்கொண்டு போனபின், மகளும் பள்ளி பஸ்ஸில் ஏறிப் போனபின், நானும் ரேடியோவும்தான் பாக்கி. என்னிடமும் சாவி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சாவியை வைத்துக்கொண்டு எங்கே போவது? வெயிலில் நடந்து போய், வந்தால் வரும் வராவிட்டால் இல்லை என்கிற ஒரு பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும்.

"எங்க போகணும்னு சொல்லு, நான் கொண்டுபோறேன்" என்பார்.

"அம்மாவைப் பார்க்கணும்" என்பேன்.

"அடுத்த வாரம் போலாம்லா."

அடுத்த வாரம் கடலுக்குப் போய்விடுவார். மீன் பிடிப்பது அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். ஷிஃப்ட் இல்லாத நாளில் கூட்டாளிகளோடு படகு பிடித்துத் தீவுப் பக்கம் போவார். கொண்டுவரும் மீன் சட்டிக்குப் பத்தாது, கொண்டுவரும் கதை ஒரு வாரத்துக்குக் காணும்.

கடையில் செய்து விற்கிற தூண்டில் கம்பு அவருக்குச் சரிப்படவில்லை. டவுனில் ஒரு சீனர் கடையில் வெறுங் கம்பு, தூண்டிலின் நைலான் நரம்பு ஓடுகிற வளையங்கள், நூல், வார்னிஷ் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். வாங்கி வந்து, தன் கைக்கும் தான் போகிற கடலுக்கும் ஏற்றபடி வளையங்களை இடம் பார்த்து வைத்து, அவற்றின் காலை நூலால் சுற்றிக் கட்டி, மேலே வார்னிஷ் பூசிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மஞ்சள் நூலும் சிவப்பு நூலும். நூல் மேலே ஏறி, கீழே இறங்கி, பல்லு விழுந்த வாய் மாதிரி நடுநடுவே வெள்ளையாகத் தெரிந்தது. அதன்மேல் வார்னிஷைப் பூசினார். பூசின கையோடு மஞ்சள் நூல் சேற்று நிறத்துக்குப் போய்விட்டது.

"நூலு டூப்ளிகேட்டு. ஏமாத்திட்டான்" என்று கடைக்காரரைத் திட்டினார்.

நூல் நல்ல நூல்தான். வார்னிஷுக்கு முன்னால் பால் மாதிரி ஒரு திரவம் பூசிக் காயவிட வேண்டும். அது நூலின் நிறத்தைப் பிடித்து வைக்கும். இல்லாவிட்டால் ஈரத் துணி மாதிரி நூல் கறுத்துவிடும். கடைக்காரர் அந்தப் போத்தலையும் சேர்த்தே கொடுத்திருந்தார், எப்போது பூசுவது என்றும் சொல்லியிருந்தார். இவர் காதில் போட்டுக்கொண்டால்தானே. போத்தல் திறக்கப்படாமல் பையிலேயே கிடந்தது.

நான் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. அந்தக் கோணல் சுற்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் எல்லாவற்றையும் பிளேடால் அறுத்து எறிந்துவிட்டு, முதலிலிருந்து கட்டினேன்.

நூல் இறுக்கமாக வரவேண்டும். அதற்கு நூற்கண்டை ஒரு டம்ளரில் போட்டு, நூலைத் தடித்த டெலிபோன் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஓடவிட்டு, புத்தகத்தின் மேல் அம்மிக் குழவியை வைத்தேன். பிஸ்கட் அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கமும் வெட்டி, கம்பை அதில் கிடத்தினேன். கம்பை உருட்ட உருட்ட நூல் தானாக ஏறியது. முடிகிற இடத்தில் முடிச்சுப் போடக்கூடாது. முடிச்சு இருந்தால் நரம்பு அதில் சிக்கும். முடிய இன்னும் சில சுற்று இருக்கும்போதே தனியாக ஒரு நூலை மடித்து அடியில் வைத்துச் சுற்றிவிட்டு, கடைசி நுனியை அந்த மடிப்பில் நுழைத்து இழுத்தால், நுனி தன் சுற்றுக்கு அடியிலேயே போய்ப் புதைந்துகொள்ளும். பிறகு அது எங்கே போனது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பிடி பக்கத்தில் கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று, என் சேலைக் கரையைப் பார்த்து, நூலைக் குறுக்கும் மறுக்கும் போட்டு டைமண்ட் டைமண்டாக ஒரு கோலம் கொண்டுவந்தேன்.

வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வாரம் அதில் ஒரு பெரிய கெண்டைக்கால் அளவு சிவப்பு மீன் விழுந்தது. கூட்டாளிகள் மீனையும் கம்பையும் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். நான் தேநீர் கொண்டுபோன நேரத்தில் ஒருவர் கேட்டார்:

"அண்ணே, யாருண்ணே கட்டுனது? டவுன்லயா?"

"நான்தான். வீட்ல சும்மா இருக்கும்போது."

தட்டை வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, நீங்களா கட்டுனீங்க?"

"மெதுவா பேசு. பொம்பளை கை பட்ட கம்புன்னு தெரிஞ்சா ஒருத்தனும் தொடமாட்டான். மீனே அண்டாதாம்."

"உங்களுக்கு விழுந்துச்சே."

"நீ என் பொண்டாட்டி. அது வேற."

எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். ஆனால் அந்த நம்பிக்கை அவர் கண்டுபிடித்தது இல்லை. அந்தக் கூட்டமே அப்படித்தான். கடலுக்குப் போகும் காலையில் மனைவி எதிரே வரக்கூடாது, கம்பைப் பெண் தாண்டக்கூடாது, பெண் தொட்ட தூண்டிலைக் கழுவி எடுக்க வேண்டும், இன்னும் என்னென்னவோ. ஒரு பொய் சொல்லிவிட்டார், இனி அதிலிருந்து அவர் இறங்க முடியாது. அவர் இறங்காவிட்டால் நானும் இறங்க முடியாது.

அதற்கப்புறம் கம்புகள் வந்துகொண்டே இருந்தன. கூட்டாளிக்கு ஒன்று, கூட்டாளியின் மச்சானுக்கு ஒன்று. ஹால் முழுக்கக் கம்பு. நான் கட்டிய கம்பை நானே தாண்டக்கூடாது என்று சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு சமைக்கக் குசினிக்குப் போவேன். தெரியாமல் ஒருமுறை தாண்டிவிட்டு, அவர் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், வேண்டுமென்றே திரும்பியும் தாண்டினேன். அதற்கெல்லாம் மீன் கோபித்துக்கொள்ளவில்லை.

வேலை பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிடித்தது, அதுதான் எரிச்சல். ஒவ்வொரு கம்புக்கும் தானாக வளைய விரும்புகிற ஒரு பக்கம் உண்டு. அடியைத் தரையில் ஊன்றி நடுவில் அமுக்கினால், கையிலேயே உருண்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். அதைப் பார்த்துத்தான் வளையம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது கம்பு கைக்குள் முறுக்கிக்கொள்ளும். வளையங்களை முதலில் டேப்பால் ஒட்டிவைத்து, நரம்பை ஓட்டி, அதன் நுனியை வாசல் கிரில்லில் கட்டிவிட்டு நான் ஹாலின் மறுகோடியிலிருந்து கம்பை வளைப்பேன். நரம்பு கம்பின் வளைவோடு சேர்ந்து போகிறதா, எங்காவது கம்பை உரசுகிறதா என்று பார்ப்பேன். உரசினால் வளையத்தை நகர்த்துவேன். நுனிப் பக்கம் நெருக்கமாக, அடிப் பக்கம் வரவரத் தள்ளித் தள்ளி. கிரில் கம்பிகளுக்கு வெளியே ரோட்டில் ஐஸ்கிரீம் வண்டிக்காரர் போவார். பட்டப்பகலில் பூட்டின கிரில்லைத் தூண்டில் போட்டு இழுத்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, கேட்டதில்லை.

வார்னிஷ்தான் என் கைவிலங்கு. இரண்டு போத்தலில் இருப்பதைச் சரிபாதி கலந்து பூச வேண்டும். பூசிய கையோடு அது தேன் மாதிரி கீழே வழியப் பார்க்கும். வழியாமல் இருக்கக் கம்பைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் திருப்பு, கொஞ்சம் நிறுத்து, திருப்பு. அது இறுகுவதற்குள் காலை போய் மதியம் வந்துவிடும். விட்டால் அடிப்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தொங்கி அப்படியே கல்லாகிவிடும். தூசி ஒட்டும் என்று ஜன்னலைத் திறக்க முடியாது. ஃபேன் போட்டால் குமிழ் வரும். கிள்ளான் வெயிலில், சாத்திய ஹாலில், வியர்வை முதுகில் ஓட, பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து திருப்பிக்கொண்டிருப்பேன். கதவைத் தட்டினால் எழுந்திருக்க முடியாது. அடுப்பில் குழம்பு கொதித்தால் எழுந்திருக்க முடியாது. எப்போது விடலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருந்தேன். கலந்தது போக மிச்சத்தை ஒரு ஐஸ்கிரீம் கப்பில் குசினி ஜன்னலில் வைத்துவிடுவேன். அதில் நகம் பதியாவிட்டால் கம்பிலும் இறுகிவிட்டது என்று அர்த்தம். மகள் பள்ளி விட்டு வந்து, "ம்மா, நகம் போகல" என்று கத்திய பிறகுதான் எனக்கு விடுதலை. வீட்டுக்காரர் இது எதையும் பார்த்ததில்லை. அவர் வரும்போது கம்பு பளபளவென்று சுவரில் சாய்ந்திருக்கும்.

ஒருநாள் அப்படித் திருப்பிக்கொண்டிருக்கும்போது டெலிபோன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். நிற்கவேயில்லை. ஒரு கையால் திருப்பிக்கொண்டே இன்னொரு கையை எட்டி எடுத்தேன். பிரிக்பீல்ட்ஸில் அம்மாவின் பக்கத்து வீட்டு அக்கா. அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருந்தாள்.

கம்பை விட்டுவிட்டு ஓடினேன். பஸ் வரவில்லை. வந்த பஸ் டவுன் வரைதான் போகும். அங்கிருந்து இன்னொரு பஸ், கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். நின்றுகொண்டே போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டு அக்கா டாக்சி பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டுப் போட்டு, திரும்பக் கொண்டுவந்து, கஞ்சியும் வைத்துக் கொடுத்திருந்தார். அம்மா நெற்றியில் பிளாஸ்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏன்டி இவ்வளவு தூரம் ஓடி வந்தே? எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றாள்.

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் பெற்ற மகள் நான், எல்லாம் முடிந்த பிறகு வருகிற விருந்தாளி ஆகிவிட்டேன்.

வீடு திரும்பினால் வீட்டுக்காரர் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடியெல்லாம் சொட்டுத் தொங்கிக் காய்ந்திருந்தது.

"அம்மாவுக்கு ஒன்னும் ஆகலல்ல. கம்புதான் போச்சு" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை அவர். கை ஓங்கியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. அன்றைக்கே முடிவு பண்ணினேன்: கார் ஓட்டக் கற்றுக்கொள்வது. லைசன்ஸ் எடுப்பது. அடுத்த முறை டெலிபோன் அடித்தால் நான் பஸ்ஸுக்கு நிற்கக்கூடாது.

"லைசன்ஸ் எதுக்கு உனக்கு? நான் இல்ல?" என்று சிரித்தார். சீட்டு எடுத்த காசைக் கொண்டுபோய் ஓட்டுநர் பள்ளியில் கட்டினேன். சொல்லிக்கொடுத்தவர் வயதான சீனர். என்னைத் தங்காச்சி என்றுதான் கூப்பிடுவார். "தங்காச்சி, ஸ்லோ ஸ்லோ லா. கிளட்ச் பாதி, பாதி" என்று இங்கிலீஷும் தமிழும் கலந்து அடிப்பார். முதல் டெஸ்ட்டில் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கார் பின்னால் உருண்டுவிட்டது. ஃபெயில். இரண்டாவது தேதி வாங்கினேன். ஓட்டிப் பழகக் கொடுக்கிற என் எல் லைசன்ஸ் அந்த மாதத்தோடு முடிகிறது. இதையும் விட்டால் வகுப்பிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்க வேண்டும் என்று சீனர் சொல்லிவிட்டார். மறுபடி தொடங்க என்னிடம் சீட்டும் இல்லை, தெம்பும் இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பாஸுடைய கம்பு வந்தது. வீட்டுக்காரரின் மேலதிகாரியை எல்லோரும் பாஸ் என்பார்கள். சுபாங் ஜெயாவில் புது வீடு, பெரிய கார், மீன் பைத்தியத்தில் எங்கள் வீட்டுக்காரருக்கு அப்பன். மற்றவர்கள் பெண் தொட்ட கம்பைக் கழுவுவார்கள் என்றால் இவர் உடைத்தே போட்டுவிடுவார் என்று பேச்சு. நீலமும் தங்க நிறமும் கேட்டிருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கட்டினேன். நிறம் பிடிக்கும் திரவத்தைப் பூசிக் காயவைத்திருந்தேன். வார்னிஷ் மட்டும் பாக்கி. டெஸ்ட் முடிந்து நிதானமாகப் பூசலாம் என்றிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து செருப்பைக் கழற்றும் முன்னே சொன்னார்:

"பாஸ் நாளைக்குச் சாயங்காலமே கம்பை எடுத்துக்க வராரு. வியாழக்கிழமை லீவுல்ல, கடலுக்குப் போறாரு. நாளைக்குக் காலையில வார்னிஷ் போட்டுரு."

"நாளைக்கு எனக்கு டெஸ்ட்."

"அதை அடுத்த மாசம் மாத்திக்கலாம்லா."

"மாத்த முடியாது. எல் முடியுது."

"அப்ப பாஸுக்கு நான் என்ன சொல்றது?"

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் கத்தவில்லை. கத்தினால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்று தெரியும்.

"காலையில வெள்ளன எழுந்து வார்னிஷை நான் பூசிட்டுப் போறேன். உங்களுக்கு நாளைக்கு ஷிஃப்ட் இல்ல. நீங்க உட்கார்ந்து திருப்புங்க."

"நானா?"

"ஊரெல்லாம் நீங்கதான் கட்டுறீங்கன்னு சொல்லி வச்சிருக்கீங்க. ஒரு நாளைக்குச் செஞ்சுதான் பாருங்களேன்."

அசடு வழியச் சிரித்தார். திருப்புவதுதானே, இதில் என்ன இருக்கிறது என்றார்.

புதன்கிழமை காலை வார்னிஷ் பூசினேன். கப்பைக் குசினி ஜன்னலில் வைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி இருந்த மகளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, இப்படி, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி என்று காட்டிக் கொடுத்தேன். வாசலில் சீனரின் கார் ஹார்ன் அடித்தது.

"எவ்வளவு நேரம் திருப்பணும்?" என்று கேட்டார்.

"நான் வர்ற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

கப்பைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

டெஸ்ட் எடுக்கும் இடத்தில் ஏகப்பட்ட கூட்டம். பெயர் கூப்பிடும் வரை தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் திருப்புகிறாரா, பேப்பர் படிக்கிறாரா என்று நினைப்பு ஓடியது. நீலமும் தங்கமும் கண்ணுக்குள்ளேயே நின்றது. பிறகு எனக்கே கோபம் வந்தது. டெஸ்ட்டுக்கு வந்த இடத்திலும் கம்பா? போனால் போகட்டும் சனியன் என்று உள்ளுக்குள் சத்தமாகச் சொன்னேன்.

மேட்டில் காரை நிறுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்ட் அதிகாரி பேப்பரில் எதையோ குறித்துக்கொண்டார். பிரேக்கை விடும் முன் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். டெலிபோன் புத்தகத்திலிருந்து நூல் வரும்போது எவ்வளவு இழுத்தால் அறுந்துவிடும், எவ்வளவு விட்டால் தொய்யும் என்று விரலுக்குத் தெரியும். கால் விரலுக்கும் அது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. கார் ஒரு முக்கு முக்கி, மேலே ஏறியது.

தேறிவிட்டேன் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கொடுத்தார். சீனர், "நல்லா இருக்கு தங்காச்சி. இனி யூ போ, சொந்தமா போ" என்றார். திரும்பும் வழியில் அவர் ஓட்டினார், நான் சீட்டைப் பர்சில் வைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தேன்.

மதியம் நன்றாகச் சாய்ந்துவிட்டது வீட்டுக்கு வரும்போது. வாசல் ரோட்டோரம் பாஸுடைய பெரிய கார் நின்றது. சாயங்காலம் வருவார் என்று சொன்ன மனிதர் சாப்பாட்டு நேரத்துக்கே வந்துவிட்டார். கிரில்லைத் திறந்து உள்ளே போனேன்.

ஹால் அனல். ஜன்னல் சாத்தியிருந்தது, ஃபேன் ஓடவில்லை. பாஸ் சோபாவில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்டூலில், பனியன் முதுகோடு ஒட்டிப்போக, என் வீட்டுக்காரர் கம்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். காலையில் விட்டுவிட்டுப் போன அதே இடம். முகம் வெளிறிக் கிடந்தது. சாப்பிட்ட அடையாளமே இல்லை.

"வாங்கம்மா" என்றார் பாஸ். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன பொறுமைங்கறீங்க. நானும் வந்ததுலேருந்து பார்க்கிறேன், கம்பை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கிறாரு. ஆள்னா இப்படி இருக்கணும்."

"ஆமாங்க" என்றேன்.

வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. டெஸ்ட் என்ன ஆச்சு என்று கேட்கிற பார்வை இல்லை. விடலாமா என்று கேட்கிற பார்வை.

குசினிக்குப் போனேன். தண்ணீர் குடித்தேன். ஜன்னலில் இருந்த கப்பை எடுத்து நகத்தால் அழுத்தினேன். கல். கப்பைக் கவிழ்த்துத் தட்டினால் கண்ணாடி வில்லை மாதிரி கழன்று கையில் விழுந்தது. அது இறுகி எவ்வளவோ நேரம் ஆகியிருக்க வேண்டும். அவர் காய்ந்துபோன கம்பைத்தான் திருப்பிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து அவருக்கு நேராக நின்றேன். ஒரு வார்த்தை கேட்டால் போதும். "போதுமா?" என்று கேட்டால், "போதும், எழுந்திரிங்க" என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவருக்கு வாய் திறந்தது. கண் பாஸ் பக்கம் போனது. கம்பு கட்டுகிறவன் கம்பு காய்ந்துவிட்டதா என்று பெண்டாட்டியைக் கேட்பானா? கேட்டால் அந்த நிமிஷமே எல்லாம் வெளியே வந்துவிடும். பாஸுடைய கம்பு, அவருடைய கூட்டாளிகளின் கம்பு, அத்தனை வருஷத்து மீன், எல்லாம்.

நான் காத்திருந்தேன். கேளுங்க, கேளுங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். என் கையில் அந்த வில்லை இருந்தது.

அவர் வாயை மூடிக்கொண்டார். கம்பைத் திருப்பினார்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று பாஸ் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஆகும் பாஸ்" என்றார் என் வீட்டுக்காரர். "இதுல அவசரப்படக் கூடாது."

இத்தனைக்குப் பிறகும், தான்தான் கட்டியது என்ற பொய்யைக் காப்பாற்ற அந்தக் கொதிக்கிற ஹாலில் சாகத் தயாராக இருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தயாராக இல்லை.

கதவு பக்கத்து ஆணியில் கார் சாவி தொங்கியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது, நான் தூசி தட்டும்போதுகூடத் தொட்டதில்லை. எடுத்தேன். வில்லையை ஆணிக்குக் கீழே இருந்த டெலிபோன் மேஜையில் வைத்தேன்.

"அம்மாவைப் பார்த்துட்டு வந்துடறேங்க" என்றேன். "பிள்ளை வந்தா சோறு இருக்கு, போட்டுக் குடுங்க."

"இந்தா, எதுல போறே?" என்றார்.

கேட்டைத் திறந்தேன். காரில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியை எனக்கேற்றபடி திருப்பினேன். டெஸ்ட்டில் அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக ஓட்டலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது.

ஹால் ஜன்னல் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். சத்தம் கேட்டு ஸ்டூலை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். ஒரு கை இன்னும் கம்பில் இருந்தது. வாசலைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், சோபாவில் இருந்த பாஸைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்து திருப்ப ஆரம்பித்தார்.

நான் கிளட்சைப் பாதி விட்டேன்.